பின்னால் வந்த இட்லிகள்

கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில், மாதா கோவில் மணியடித்தால் அடுப்படி வரைக்கும் கேட்கிற வடக்குத் தெருவில், அமலோற்பவம் காலையில் இட்லி சாப்பிடுவதை நிறுத்திய வாரத்தில்தான், அவள் சாப்பிடாமல் விட்ட இட்லிகள் அவளுக்குப் பின்னாலேயே நடந்து வரத் தொடங்கின.

முதலில் பார்த்தது எதிர்வீட்டு வியாகுலம். அமலோற்பவம் ஓட்ஸ் கஞ்சியைக் குடித்துவிட்டு மீன் வாங்கக் கூடையோடு இறங்கிப் போகிறாள், அவளுக்கு ரெண்டு முழம் பின்னால் நாலு இட்லிகள், இட்லிச் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி ஆவி பறக்க, விளிம்பில் நின்று உருண்டு உருண்டு போகின்றன.

"ஏட்டி அமலோற்பவம், உன் பின்னால யாரு வாரான்னு பாரு."

அமலோற்பவம் திரும்பினாள். அவள் நின்றதும் இட்லிகளும் நின்று, அப்படியே தரையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டன. ஒரு பொட்டு மண் ஒட்டவில்லை.

"எங்க வீட்ல மாவு அரைச்சே ஒரு வாரம் ஆகப் போகுதேக்கா. இது யாரு வீட்டு இட்லி?"

"யாரு வீட்டு இட்லியோ, உன்னையத்தான் பாத்துக்கிட்டு நிக்கி. மீன் தீந்துரும், நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு வியாகுலம் வாசல் தெளிக்கப் போய்விட்டாள். அமலோற்பவமும் சிலுவை போட்டுக்கொண்டு நடந்தாள். இட்லிகளும் நடந்தன.

அவள் இட்லியை விட்டதற்குக் காரணம் முழங்கால். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் மகன் ஜெரோம் வேலை பார்த்த தோணி, வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகையில் புயலில் மாட்டி, ஒரு தகவலும் இல்லாமல் போனபோது, அமலோற்பவம் கடற்கரை மணலில் நின்று, "தாயே, என் பிள்ளைய கரை சேத்துரு, உன் திருவிழாவுல கோவில் வாசல்ல இருந்து பீடம் வரைக்கும் முழந்தாளாலேயே நடந்து வாரேன்" என்று நேர்ந்துகொண்டாள். மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள். ஜெரோம் மெலிந்து கறுத்து, தாடியோடு வந்து சேர்ந்தான். அமலோற்பவத்தின் முழங்கால்கள்தான் அந்த வருஷமே வீங்கிக்கொண்டன. ரெண்டு திருவிழா போய்விட்டது. பூசையில் எல்லாரும் முழந்தாளிடும்போது அவள் மட்டும் பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், எல்லாருடைய தலைக்கும் மேலே அவள் தலை தெரிந்தது, அது அவளுக்கு மாதாவுக்குச் சரிசமமாக நாற்காலி போட்டுக்கொண்டது போலக் கூச்சமாக இருந்தது.

எலும்பு டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "எட்டுக் கிலோ குறைச்சிட்டு வாங்க, அப்புறம் கோவில்ல முழங்கால் போட்டு நடக்கிறதப் பத்திப் பேசலாம்" என்றாள். "காலையில என்ன சாப்பிடுவீங்க?"

"இட்லிதான் டாக்டரம்மா. ஜெபம் பண்ணுறது நாலுக்கு. சில நாள் ஆறு ஆயிரும்."

"தொட்டுக்க?"

"தேங்காச் சட்னி, சாம்பார், பொடி. பொடிக்கு நல்லெண்ணெய்."

டாக்டரம்மா ஒவ்வொன்றுக்கும் கலோரி சொல்லிக் கூட்டினாள். கலோரி என்றால் சாப்பாட்டுக்குள் இருக்கிற சூடு, செலவழிக்காத சூடெல்லாம் சதையாகும், அந்தச் சதையெல்லாம் முழங்காலில் போய் உட்காரும் என்று அமலோற்பவம் விளங்கிக்கொண்டாள். "பசி அடங்கணும், கலோரி ஏறக் கூடாது. அப்படி ஒண்ணக் கண்டுபிடிங்க" என்று சொல்லி டாக்டரம்மா அனுப்பிவிட்டாள்.

அதைக் கண்டுபிடிக்கத்தான் பெரும்பாடாக இருந்தது. ஓட்ஸ் குடித்தாள், வாய்க்குள் ஈரக் காகிதம் போல இருந்தது. முட்டையின் வெள்ளையை மட்டும் சாப்பிட்டாள். பப்பாளி சாப்பிட்டாள். எதைச் சாப்பிட்டாலும் வயிறு நிறைந்தது, பசி மட்டும் அடங்கவில்லை; பத்து மணிக்கெல்லாம் கை தானாக முறுக்கு டின்னைத் தேடியது. அவள் புருஷன் சூசை, துறைமுகத்து ரோட்டில் லாரிகளை எடை போடுகிற எடைமேடையில் வேலை பார்க்கிறவர், பெண்டாட்டி குடிக்கிற கஞ்சியையே தானும் குடிப்பேன் என்று வீம்பாகக் குடித்துவிட்டு, எடைமேடைக்குப் பக்கத்து ஹோட்டலில் ரெண்டு வடையோடு பொங்கல் சாப்பிட்டு வந்தார். அது அவளுக்கும் தெரியும். சட்டைப் பையில் மிளகு இருந்தது.

மறுநாள் இட்லிகள் எட்டாயின. அதற்கு மறுநாள் பன்னிரண்டு. தெரு கொஞ்ச நாள் எண்ணிப் பார்த்தது, பிறகு மழையை எண்ணாதது போல விட்டுவிட்டது.

அமலோற்பவம் விடிகாலைப் பூசைக்குப் போனால் அவையும் போயின. முதல் நாள், மணியடித்து மெழுகுதிரி ஏற்றுகிற கோவில் பிள்ளை வாசலில் நின்று மறிக்கப் பார்த்தார், பங்குச் சாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "அஞ்சு அப்பத்தப் பெருக்கினவரு வீட்டுக்குள்ள இட்லி வரக் கூடாதா? நாற்காலிக்கு அடியில இருக்கச் சொல்லுங்க" என்றார். இட்லிகள் நாற்காலிக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு அசையாமல் இருந்தன. பிரசங்கம் நீளும்போது அவற்றிலிருந்து வருகிற வாசனையில் ஜனம் வயிற்றைத் தடவிக்கொண்டது, சாமியாரும் அதைக் கவனித்துப் பிரசங்கத்தைச் சுருக்கினார், ஊருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். "இட்லிக்கு டிக்கெட் கிடையாதும்மா. ஆனா படியில நிக்கக் கூடாது, உள்ள ஏறச் சொல்லுங்க" என்றார். மாவு புளிக்காத வீட்டுப் பெண்கள் மாவுச் சட்டியைக் கொண்டுவந்து இட்லிகள் படுத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். ராத்திரிக்குள் பொங்கி மூடியைத் தள்ளியது. தூறல் விழுந்த காலைகளில் தெருப் பூனைகள் அவற்றின் நடுவில் புகுந்து தூங்கின, மீன் விற்கிற பெண்கள் ஐஸில் மரத்துப்போன கையை அவற்றின் மேல் காட்டிச் சூடேற்றிக்கொண்டார்கள். வேற்றூரிலிருந்து யாரோ வந்து, இது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று கேட்டதற்கு, "இட்லில என்னய்யா சகுனம்? இட்லி இட்லிதான்" என்று தெரு ஒரே வாயாகப் பதில் சொன்னது.

சாப்பிட மட்டும் ஒருவராலும் முடியவில்லை. வியாகுலம் ஒரு நாள் ஒன்றைப் பிடித்துத் தட்டில் வைத்து, சட்னியும் ஊற்றி, பிட்டு வாயருகே கொண்டுபோனாள். பிட்ட துண்டு விரலிலிருந்து நழுவிப் போய்த் தன் இட்லியோடு ஒட்டிக்கொண்டு, சட்னியை உதறிவிட்டு, தட்டிலிருந்து குதித்து அமலோற்பவம் வீட்டுக்கு ஓடிவிட்டது.

"இத்தன வயசுல ஒரு இட்லி என்னைய வேண்டாம்னு சொல்லிட்டுப் போவுது" என்று வியாகுலம் ரெண்டு நாள் வருத்தப்பட்டாள்.

அவளேதான் பிறகு தெருவைக் கூட்டினாள். "இந்த அமலோற்பவத்துக்குப் பசி அடங்குற மாதிரி ஒரு காலைச் சாப்பாடு கெடைச்சா, இட்லி தன்னால போயிரும். ஆளுக்கு ஒரு வகை செஞ்சு பாப்போம்" என்றாள். அது தெருவுக்குப் பிடித்துவிட்டது, ஏனென்றால் வைத்தியத்தை விடச் சமையல் எல்லாருக்கும் தெரியும். ஒரு வீட்டிலிருந்து கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் வந்தது, ஒரு வீட்டிலிருந்து கேழ்வரகுப் புட்டு, ஒரு வீட்டிலிருந்து அவித்த கொள்ளு, ஒரு வீட்டிலிருந்து வரகரிசி உப்புமா. எண்ணெயில்லாமல் அவித்த சாளை மீன் கூட வந்தது. தூக்குச்சட்டியிலும் எவர்சில்வர் டப்பாவிலும் மூடி போட்ட கிண்ணத்திலுமாக வந்துகொண்டே இருந்தன, ஒவ்வொன்றின் விளிம்பிலும் அந்தந்த வீட்டுப் பெயர் வெட்டியிருந்தது. அமலோற்பவம் எல்லாவற்றையும் சாப்பிட்டுப் பாத்திரத்தைக் கழுவி அலமாரியில் கவிழ்த்தாள். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அந்தத் தெருவில் இல்லை, ஒரு பிடி அரிசியோ ரெண்டு பழமோ போட்டுத்தான் அனுப்புவார்கள். அவளோ வீட்டில் எதையும் வாங்கி வைக்காமல் வாயைக் கட்டியிருந்தாள். அலமாரி நிறைந்து, பாத்திரங்கள் தரைக்கு இறங்கி, மாதா படத்துக்குக் கீழே வரைக்கும் வந்துவிட்டன.

"எது நல்லாருக்கு?" என்று தெரு கேட்டது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பசிதான் போவ மாட்டேங்கு" என்றாள் அவள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது.

திருவிழாவுக்கு ஒரு மாசம் இருக்கும்போது டாக்டரம்மாவிடம் போனாள். முன்பு ஒரு தடவை, இட்லிகள் கொஞ்சமாக இருந்த சமயத்தில், "இதையும் கணக்குல சேக்கணுமா?" என்று கேட்டதற்கு டாக்டரம்மா சிரித்து, "பின்னால வர்றதுக்குக் கலோரி கிடையாதும்மா, உள்ள போறதுக்குத்தான்" என்று சொல்லியிருந்தாள். இந்தத் தடவை அமலோற்பவம் எடை மிஷினில் ஏறியதும் இட்லிகளும் ஏறின. அவள் பாதத்தைச் சுற்றிக் குவிந்தன, இடுப்பு வரைக்கும் எழும்பின, மிஷின் தன்னால் ஆனமட்டும் காட்டிவிட்டு அணைந்துபோனது.

"அதுங்கள இறங்கச் சொல்லுங்கம்மா."

"சொல்லிட்டேன் டாக்டரம்மா. இறங்க மாட்டேங்குதுவ."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். "இதுங்க இருக்கிற வரைக்கும் உங்க எடை எனக்குத் தெரியாது. தெரியாம நான் முழங்கால் போட விட மாட்டேன். இந்த முட்டோட அவ்வளவு தூரம் போனீங்கன்னா, அப்புறம் எழுந்து நடக்கிறதே சந்தேகம்."

சூசை அவளை எடைமேடைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தார். உப்பு லாரி இறங்கியதும் அவளை ஏற்றி நிறுத்தினார். அந்த மேடைக்கு மனுஷருடைய கிலோ தெரியாது, அது டன் கணக்கில் யோசிக்கிறது. அமலோற்பவமும் அவ்வளவு இட்லிகளும் சேர்ந்து ஒன்றுமே இல்லை என்று அது காட்டியது. "பாத்தியா, நீ ஒண்ணுமே இல்ல" என்றார் சூசை, ஆறுதலாகத்தான். அவள் அவருக்கு முன்னால் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அடுத்த நாள் காலை கரண்ட் போயிற்று. கல்யாணமான நாளிலிருந்து சூசை காலையில் வானொலியோ டிவியோ சத்தமாக வைத்துத்தான் சாப்பிட உட்காருவார், இத்தனை வருஷமாக எதிரில் பெண்டாட்டி கண்ணை மூடி முணுமுணுப்பது வாயசைவாக மட்டுமே அவருக்குத் தெரியும். அன்றைக்கு வீடு அமைதியாக இருந்தது. வியாகுலம் கொடுத்தனுப்பிய பச்சைப்பயறு அடை தட்டில் இருந்தது. அமலோற்பவம் கண்ணை மூடி, கையைக் குவித்து, கிளி மாதிரி சொன்னாள்:

"ஆண்டவரே, எனக்கு முன்னால இருக்கிற இந்த நாலு இட்லிக்கும், இத அவிச்ச நெருப்புக்கும், உமக்கு ஸ்தோத்திரம்."

சூசை கையிலெடுத்த அடையை வைத்துவிட்டார்.

"இந்தா, இப்ப என்ன சொன்ன?"

"ஜெபம் சொன்னேன். தெனமும் சொல்லுறதுதான்."

"எத்தன இட்லி இருக்கு உன் முன்னால?"

அமலோற்பவம் கண்ணைத் திறந்தாள். தட்டைப் பார்த்தாள்.

"தெனமும் இதேதான் சொல்லுதியா? ஓட்ஸ் குடிக்கும்போதும்? கூழ் குடிக்கும்போதும்?"

"அது... வாயில அப்படியே வந்துருதுங்க. சின்ன வயசுல இருந்து அதுதானே..."

சூசை தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஏளா, எங்க மேடையில வந்து உப்புன்னு சீட்டு வாங்கிட்டுப் போனா, அங்க உப்புத்தான இறங்கணும்? நீ பாட்டுக்குத் தெனமும் நாலு இட்லிக்குச் சீட்டு வாங்குத. அவரு அனுப்பி வைக்காரு. பின்ன என்ன செய்வாரு?"

வாசலுக்கு வெளியே அன்றைக்குரிய நாலும் அப்போதுதான் வந்து சேர்ந்து, மற்றவைகளோடு உட்கார்ந்தன. அமலோற்பவத்துக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இட்லி வந்தது கூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. இத்தனை வீட்டிலிருந்து இத்தனை பாத்திரத்தில் வந்ததில் ஒன்றுக்குக் கூட அவள் நன்றி சொல்லவில்லையே, அதுதான்.

அவள் கண்ணை மூடவில்லை. அடையைப் பார்த்தாள். பச்சையாக, ஓரத்தில் கொஞ்சம் முறுகலாக, நடுவில் இஞ்சித் துண்டு தெரிய, அது தட்டில் இருந்தது. இத்தனை நாளில் தான் சாப்பிட்டதில் எதையும் முகம் கொடுத்துப் பார்த்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. "ஆண்டவரே, இந்தப் பச்சைப்பயறுக்கும், இது ஊறின தண்ணிக்கும், முழங்கையில வலி இருந்தும் இத அரைச்ச வியாகுலக்காவுக்கும் ஸ்தோத்திரம்" என்றாள். மெதுவாகச் சாப்பிட்டாள். பத்து மணிக்கு முறுக்கு டின்னைப் பற்றிய நினைப்பே வரவில்லை. மத்தியானம் சூசை வந்து, "பசிக்கா?" என்று கேட்டபோதுதான், அட, இன்றைக்குப் பசி வந்து கதவைத் தட்டவேயில்லையே என்று அவளுக்கு உறைத்தது.

மறுநாள் புது இட்லிகள் வரவில்லை. கூழுக்குக் கூழென்றும் கொள்ளுக்குக் கொள்ளென்றும் பேர் சொல்லி ஜெபித்தாள், ஒவ்வொன்றும் வயிற்றில் போய் அமைதியாக உட்கார்ந்தது, ரவிக்கை தளர்ந்தது, படியேறும்போது முழங்கால் முன்போல முனகவில்லை. ஆனால் பழைய இட்லிகள் போகவில்லை. நன்றி வாங்கிக்கொண்டவை, சாப்பிடப்படாதவை, அவள் போகிற இடமெல்லாம் ஒரு தெரு நீளத்துக்கு வந்துகொண்டிருந்தன. அவளே சாப்பிட்டுத் தீர்த்தால் குறைந்த கிலோவெல்லாம் கூட்டாளிகளோடு திரும்பி வரும். வேறு யார் கைக்கும் அவை போகாது. திருவிழாக் கொடியும் ஏறிவிட்டது.

சாமியாரிடம் கேட்டாள். அவர் தாடையைச் சொறிந்தார். "சொன்ன ஸ்தோத்திரத்தத் திரும்ப வாங்க முடியாதும்மா. அது அங்க போய்ச் சேந்திருக்கும். இதுக ஏதோ ஒரு வழியில சாப்பாடா ஆகணும். வழி எதுன்னு எனக்கும் தெரியல" என்றார்.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில் வியாகுலம் வாசலில் வந்து நின்றாள்.

"ஏட்டி, நாளைக்கு எங்க வீட்டுக்கு சம்பந்தக்காரவ வாராவ. என் தூக்குச்சட்டியக் குடு."

"கழுவி வச்சிருக்கேன்க்கா. ஆனா வெறுமையா எப்படிக் குடுக்க? வீட்ல ஒரு வாழைப்பழம் கூட இல்லையே."

"என்னமாச்சும் ஒரு கல்லு உப்பப் போட்டுக் குடு, போறேன்."

அமலோற்பவம் தூக்குச்சட்டியை எடுத்து வந்து, வாசற்படியில் வைத்து, உப்பு போடுவதற்கு மூடியைத் திறந்தாள். திறந்ததுதான் தாமதம், கூட்டத்திலிருந்து ஒரு இட்லி எழுந்து, உருண்டு வந்து, விளிம்பில் வெட்டியிருந்த பெயருக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்று, உள்ளே இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. சட்டி நிறைந்ததும் மற்றவை நின்றுகொண்டன.

ரெண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வியாகுலம் பயந்து பயந்து கையை விட்டு ஒன்றை எடுத்தாள், பிட்டாள், வாயில் போட்டாள். இட்லி ஓடவில்லை. அவள் கண்ணை மூடி மென்றாள்.

"எப்படிக்கா இருக்கு?"

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள் வியாகுலம். சொல்லிவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

அப்புறம் என்ன, அமலோற்பவம் அலமாரியைத் திறந்தாள். டப்பாக்களும் கிண்ணங்களும் தூக்குச்சட்டிகளும் வாசலுக்கு வந்து வரிசையாக வாயைத் திறந்தன, இட்லிகள் அடிதடியில்லாமல், ஆலயத்தில் நற்கருணைக்குப் போகிற ஜனம் போல ஒன்றன்பின் ஒன்றாகப் போய் இறங்கின. தெருவே வந்து தன்தன் பெயரைப் பார்த்து எடுத்துப்போனது. திருவிழாவுக்கு வந்த விருந்தாளிகளெல்லாம் சாப்பிட்டார்கள், பூனைகளுக்கும் கிடைத்தது, எல்லா வீட்டிலும் உப்பு கொஞ்சம் கம்மி என்றார்கள், எந்த வீட்டிலும் ஒன்று கூட மிஞ்சவில்லை.

அன்று சாயங்காலமே டாக்டரம்மாவின் மிஷினில் அமலோற்பவம் தனியாக ஏறினாள். எட்டுக்கு ஆறு குறைந்திருந்தது. டாக்டரம்மா மிஷினையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "மிச்சம் ரெண்டு கிலோவ மாதா பாத்துக்கட்டும். முட்டுக்குத் துணி கட்டிக்கோங்க. மெதுவாப் போங்க, வலிச்சா நிறுத்திருங்க" என்றாள்.

பாத்திரங்களில் இறங்காமல் நாலு இட்லிகள் மட்டும் பாக்கி இருந்தன. முதன்முதலாக வந்த நாலும் அவைதான் என்று தெருவுக்குத் தெரியும். திருவிழா அன்று காலை அவை கோவில் வாசல் வரைக்கும் வந்து, அவள் கழற்றிவிட்ட செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன, உள்ளே வரவில்லை.

அமலோற்பவம் வாசலில் ஒரு கையை ஜெரோமின் தோளில் ஊன்றி, ஒரு காலை மடக்கினாள், மற்ற காலை மடக்கினாள். முழங்கால் தரையைத் தொட்டது. ரெண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் தலை மற்றவர் தலைக்குக் கீழே வந்தது, அங்கிருந்து பார்க்க மாதா எவ்வளவு உயரத்தில் இருக்கிறாள் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள். ஜெரோமின் தோளை விட்டாள். பாட்டுக்காரர்கள் பாடினார்கள், ஜனம் வழிவிட்டது, அவள் துணி கட்டிய முழங்கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் போனாள். பாதியில் வலித்தது. டாக்டரம்மா சொன்னபடி நிறுத்தினாள். நின்று மூச்சு வாங்கி, பிறகு போனாள். பீடத்தின் படியில் நெற்றியை வைத்தபோது, கேட்பதற்கு என்று ஒன்றும் இல்லாமல், "வந்துட்டேன் தாயே" என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வந்ததும் கோவில் சுவரோரம் வேப்பமர நிழலில் உட்கார்ந்தாள். சூசை, ஜெரோம், வியாகுலம் மூவரும் கூட உட்கார்ந்தார்கள். நாலு இட்லிகளும் வந்தன. அவள் தன் கையால் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒன்று வைத்து, தன் கையிலும் ஒன்று வைத்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஜெபித்தாள்.

"ஆண்டவரே, எனக்கு முன்னால இருக்கிற இந்த ஒரு இட்லிக்கும், மத்த மூணையும் சாப்பிடுற இந்த மூணு பேருக்கும் ஸ்தோத்திரம்."

சட்னி இல்லை, பொடி இல்லை. அவள் பிட்டுச் சாப்பிட்டாள். ஒன்றுதான். போதுமாக இருந்தது.

"உப்பு கம்மிதான்" என்றாள்.

"நான் சொன்னேம்லா" என்றாள் வியாகுலம்.

வெயில் ஏறுவதற்கு முன்னால் வீட்டுக்குக் கிளம்பினாள். தெருமுனையில், பழகின பழக்கத்தில், பின்னால் எல்லாம் வருகிறதா என்று திரும்பிப் பார்த்தாள். ரோட்டில் ஒன்றும் இல்லை. கோவில் வாசலிலேயே அவள் மறந்துவிட்டு வந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ரெண்டு முழம் பின்னால், சூசை மட்டும் வந்துகொண்டிருந்தார்.